கதிரும் நிணநீரணுவும்: புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையில் நோயெதிர்ப்பு அணுக்களின் பங்கு - ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே மருத்துவர்கள் அதைப் புற்றுநோய்க் கட்டிகள்மீது பாய்ச்சத் தொடங்கிவிட்டனர். அன்றுமுதல் நெடுங்காலம் இச்சிகிச்சைக்குச் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்றே: கதிர் புற்றணுவின் டிஎன்ஏவை உடைக்கிறது, உடைந்த அணு பெருக முடியாமல் மடிகிறது. இது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. கட்டியின் வகையும் கதிரின் அளவும் மாறாதபோதும், உடலிலுள்ள நோயெதிர்ப்பு அணுக்களின் நிலைக்கேற்ப விளைவு மாறுகிறது. இந்த அறிவு தோன்றி, மறக்கப்பட்டு, மீண்டும் தலையெடுத்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கதிர்வீச்சைத் திட்டமிடுவோர் கட்டியோடு, நோயெதிர்ப்பு அணுக்களான நிணநீரணுக்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே இதன் கருதுகோள்.

முதல் சான்றுகள்

ஜெர்மானிய மருத்துவர் ஹைனெக்கே 1903இல் விலங்குகளுக்கு எக்ஸ் கதிர் செலுத்தி ஆராய்ந்தார். மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருந்த நிணநீரணுக்கள் மிக விரைவாக அழிவதைக் கண்டார். அந்த அணுக்களின் பணி என்ன என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

அக்கேள்வியை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் ஜேம்ஸ் மர்ஃபி எடுத்துக்கொண்டார். எலியின் கட்டியைக் கோழிக் கருவில் பதித்தால் அது வளர்ந்தது. வளர்ந்த கோழியின் மண்ணீரல் துணுக்கையும் சேர்த்துப் பதித்தால் வளரவில்லை. தடுப்பது நிணநீரணுதான் என்று அவர் கருதினார். 1915இல் மார்ட்டனுடன் இணைந்து அவர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. சுண்டெலியின் கட்டியை வெட்டியெடுத்து, சுண்டெலிக்கு மட்டும் சிறிதளவு கதிர் கொடுத்து, பிறகு அதன் கட்டியையே அதற்குத் திரும்பப் பதித்தனர். பல சுண்டெலிகளில் கட்டி மீண்டும் வளரவில்லை. அதே அளவு கதிரை உடலுக்கு வெளியே கட்டிக்கு மட்டும் கொடுத்துத் திரும்பப் பதித்தபோதோ அது வழக்கம்போல் வளர்ந்தது. கதிரின் பயன் கட்டியில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதற்கு இதுவே தொடக்கச் சான்று.

மறதியும் மீட்சியும்

மர்ஃபியின் முடிவுகளைத் தாங்கிப் பிடிக்கும் அறிவியல் அன்று உருவாகியிருக்கவில்லை. தைமஸ் சுரப்பிக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை ஜாக்ஸ் மில்லர் 1961இல்தான் நிறுவினார். இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னரும் கதிர் உயிரியல் புற்றணுவையே சுற்றி வந்தது. 1975இல் விதர்ஸ் தொகுத்த நான்கு அடிப்படைகளான பழுது நீக்கம், அணுச்சுழற்சியில் இடமாற்றம், மீள்பெருக்கம், மீண்டும் ஆக்சிஜன் பெறுதல் ஆகியவற்றில் நோயெதிர்ப்புக்கு இடமில்லை.

ஆயினும் தடயங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. உடலின் ஓரிடத்தில் பாய்ச்சிய கதிர் அதற்கு அப்பாலுள்ள திசுக்களிலும் விளைவை உண்டாக்குவதைக் குறிக்க, பிரிட்டனின் ஆர்.எச். மோல் 1953இல் 'அப்ஸ்கோபல்' என்னும் பெயரைச் சூட்டினார். திருப்புமுனையாக அமைந்தது 1979இல் ஹெலன் ஸ்டோனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. சுண்டெலிகளின் ஃபைப்ரோசார்கோமா கட்டிகளில் பாதியைக் குணப்படுத்த, நோயெதிர்ப்பு குன்றாத சுண்டெலிகளுக்கு 30 கிரே (கதிர் அளவின் அலகு) போதுமானதாக இருந்தது. தைமஸில் முதிரும் நிணநீரணுக்களான டி அணுக்கள் நீக்கப்பட்டவற்றுக்கு 64.5 கிரே தேவைப்பட்டது. கதிரின் வேலையில் கணிசமான பங்கை டி அணுக்களே செய்துவந்தன என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

செயல்முறை தெளிவடைதல்

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சாண்ட்ரா டெமாரியாவும் சில்வியா ஃபார்மென்டியும் 2004இல் சுண்டெலியின் இரு பக்கங்களிலும் மார்பகப் புற்றணுக்களைப் பதித்தனர். ஒரு பக்கத்துக்கு மட்டும் கதிர் கொடுத்து, புற்றின் அடையாளத்தை டி அணுக்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் அணுக்களைப் பெருக்கும் புரதத்தையும் செலுத்தினர். கதிர் படாத மறுபக்கக் கட்டியின் வளர்ச்சியும் குன்றியது. டி அணு இல்லாத சுண்டெலிகளில் அப்படி நிகழவில்லை. மறுபக்கத்தில் வேறு வகைப் புற்று இருந்தால் அது பாதிக்கப்படவும் இல்லை. ஆகவே இது இலக்கை அடையாளம் கண்டு தாக்கும் நோயெதிர்ப்பு வினையே என்பது உறுதியானது.

2009இல் சிகாகோவின் வைஷல்பாமும் யாங்-ஷின் ஃபூவும் கதிர் பட்ட கட்டியையே ஆராய்ந்தனர். புற்றணுக்களைக் கொல்லும் சிடி8 டி அணுக்களை நீக்கியபின் 20 கிரே கதிரின் பலன் பெருமளவு மறைந்தது. இதன் மூலக்கூறு வழியை 2014இல் இதே குழுவினர் விளக்கினர். கதிரால் சிதைந்த புற்றணுவின் டிஎன்ஏவை டென்ட்ரிடிக் அணுக்கள் 'ஸ்டிங்' என்னும் உணரி வழியே இனம்கண்டு, இன்டர்ஃபெரானைச் சுரந்து, டி அணுக்களைத் தூண்டுகின்றன. 2017இல் டெமாரியாவின் குழு ஒரு வரம்பையும் கண்டது: ஒரே தவணையில் கதிர் மிக அதிகமானால் 'ட்ரெக்ஸ்1' நொதி பெருகி அந்த டிஎன்ஏவை அழித்துவிடுகிறது, அழைப்பு டி அணுக்களை எட்டுவதில்லை. அவர்களது சோதனையில் ஒரே தவணையாக 20 கிரே கொடுப்பதைவிட, 8 கிரே வீதம் மூன்று தவணைகளாகக் கொடுப்பதே நோயெதிர்ப்பை நன்கு எழுப்பியது.

எல்லா நோயெதிர்ப்பு அணுக்களும் துணை நிற்பதில்லை. கதிரால் காயமுற்ற கட்டிக்குள் திரளும் மேக்ரோஃபேஜ் அணுக்களில் ஒரு பகுதி புதிய இரத்தநாளங்களுக்கு வழிவகுத்துப் புற்று மீள உதவுகின்றன. ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் தாக்கும் அணுக்களை அடக்குகின்றன. எந்தத் தரப்பு மேலோங்குகிறதோ அதன்படியே சிகிச்சையின் பலன் அமைகிறது.

மருத்துவமனைச் சான்றுகள்

2012இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை ஒரு மெலனோமா நோயாளியைப் பற்றி அறிவித்தது. டி அணுக்களின் தடையை நீக்கும் இபிலிமுமாப் என்னும் இம்யூனோதெரபி மருந்தை எடுத்துவந்த அவருக்கு முதுகெலும்பருகே இருந்த கட்டிக்கு மட்டும் 28.5 கிரே மூன்று தவணைகளில் தரப்பட்டது. பின்னர் மண்ணீரலிலும் நுரையீரல் அருகிலும் இருந்த புற்றுகளும் சுருங்கின. இத்தகைய விளைவு அரிது. ஒருவரிடம் கண்டதை எல்லோருக்கும் எதிர்பார்க்க இயலாது.

உறுதியான பலன் பெரிய ஆய்வுகளில்தான் தெரிந்தது. மூன்றாம் கட்ட நுரையீரல் புற்றுக்குக் கீமோ-கதிர் சிகிச்சை முடிந்தபின் இதே வகை மருந்தான துர்வாலுமாப் கொடுத்த பசிஃபிக் ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 42.9 விழுக்காடு, மருந்து பெறாத பிரிவில் 33.4 விழுக்காடு. தலை-கழுத்துப் புற்றில் கதிருடன் சேர்த்தே அவெலுமாப் என்னும் இவ்வகை மருந்தைத் தந்த ஜாவலின் ஆய்வோ தோற்றது. நிணநீர்க் கணுக்களும் கதிருக்கு உட்பட்டதால் டி அணுக்கள் பயிற்சி பெறும் களமே சிதைந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஆனால் இதை விதியாக்க முடியாது. இடுப்பு நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர் தரப்படும் கருப்பைவாய்ப் புற்றில், அவ்வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் மூன்றாண்டு உயிர்வாழ்வை 74.8இலிருந்து 82.6 விழுக்காடாக உயர்த்தியது.

இரத்தத்தில் ஓடும் நிணநீரணுக்களும் கதிருக்குத் தப்புவதில்லை. மூளைக் கட்டிக்கு 60 கிரே, 30 தவணைகளில் கொடுத்து முடிப்பதற்குள் சுழலும் இரத்தம் ஏறத்தாழ முழுவதும் 0.5 கிரேயேனும் பெற்றுவிடுகிறது என்று 2013இல் கணக்கிடப்பட்டது. நிணநீரணுவைக் கொல்ல அதிக கதிர் தேவையில்லை என்பதை ஹைனெக்கே அறிந்திருந்தார்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படுவது இது: கதிர் கட்டியை அழிக்கவும் செய்கிறது, அதை நோயெதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் காட்டவும் செய்கிறது, கவனம் தவறினால் அந்த அணுக்களையே கொன்றும் விடுகிறது. எனவே ஒரு தவணைக்கு எத்தனை கிரே, மொத்தம் எத்தனை தவணை, புற்று பரவாத நிணநீர்க் கணுக்களுக்குக் கதிர் தேவையா, இம்யூனோதெரபி மருந்து உடனா பின்னரா என்னும் நான்கு முடிவுகளும் நோயெதிர்ப்பு சார்ந்த முடிவுகளே. தண்டுவடத்துக்கும் நுரையீரலுக்கும் தாங்கத்தக்க கதிரின் எல்லையைத் திட்டத்தில் குறித்துக்கொள்வதுபோல், நிணநீரணுக்களுக்கும் ஓர் எல்லையைக் குறிப்பது வழக்கமாக வேண்டும். எத்தனையோ நோயாளிகளின் வாழ்நாள் அதைப் பொறுத்திருக்கிறது.