சுங்கக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நிற்க இடம் இருக்காது. மயிலம் முருகன் வருகிறார், தீவனூர் பிள்ளையார் வருகிறார், இன்னும் எங்கெங்கிருந்தோ சாமிகள் வண்டியிலும் தோளிலும் வந்து வரிசையாக நிற்கின்றன. இவர்களில் பலர் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள். அதாவது தமிழ்நாட்டிலிருந்து ஒரு எல்லையைத் தாண்டித்தான் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். அந்த எல்லை இன்று கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் பங்கும் ஒயின் ஷாப்பும் திடீரென்று நெருக்கமாக வந்தால் புதுச்சேரிக்குள் நுழைந்துவிட்டோம் என்று புரிந்துகொள்ளலாம். அவ்வளவுதான்.

சாமிகள் வரி கட்டாமல் கடக்கிற இந்தக் கோட்டை வைத்து மனிதர்கள் இருநூறு வருஷமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். முதலீட்டை இழுக்க வரிச்சலுகை தருவது 1991க்குப் பிறகு வந்த புதுப்பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புதுச்சேரியின் கதையை எடுத்துப் பார்த்தால் அது அப்படி இல்லை. சுமார் 290 சதுர கிலோமீட்டர், அதுவும் ஒரே துண்டாக இல்லாமல் கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கும் நிலம். இரும்பு இல்லை, நிலக்கரி இல்லை, பெரிய நதி இல்லை. இந்த ஊரிடம் விற்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்று: பக்கத்து ஊரின் சட்டம் இங்கே செல்லாது என்பது.

உப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். நெப்போலியன் சண்டைகள் முடிந்து, பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்த ஊர்களைப் பிரான்ஸுக்குத் திருப்பித் தர ஒத்துக்கொண்டபோது, அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. உப்பும் அபினும் கம்பெனியின் ஏகபோகம். பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு காய்ச்சி, கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விற்றால் ஏகபோகம் ஓட்டைப் பானை ஆகிவிடும். எனவே 1815 மார்ச்சில் லண்டனில் ஓர் ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மிச்சத்தை வாங்கும் உரிமை பிரிட்டிஷாருக்கு மட்டும். பதிலுக்கு அவர்கள் பிரான்ஸுக்கு வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவார்கள். 1818இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, உப்பளங்களையே நிறுத்திவிட்டார்கள். அளத்துக்காரர்களுக்கு நஷ்டஈடு, ஊருக்குத் தேவையான உப்பு பிரிட்டிஷ் பக்கத்திலிருந்து.

ஒரு தொழிலை நடத்தாமல் இருப்பதற்காக ஓர் அரசுக்குப் பணம். மீனைக் கருவாடாக்க உப்பு வேண்டும். கடலை வாசலில் வைத்துக்கொண்டு, உப்புக்கு அடுத்த நாட்டைப் பார்த்திருக்க வேண்டிய நிலைமை குப்பங்களுக்கு. அந்த 4 லட்சம் அவர்கள் கைக்கு வரவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

துணியின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 'கினி' என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்த, அவுரியில் ஆழமாக முக்கியெடுத்த நீலத்துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே மூர் வணிகர்கள் கருவேல வகை மரங்களின் பிசினைக் கொடுத்து இந்தத் துணியை வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சடிக்கும் ஆலைகளுக்குப் போனது. நீலத்துணி அங்கே கிட்டத்தட்ட காசு மாதிரி புழங்கியது. பிரான்ஸின் ரூவான் நகர ஆலைகள் போலி செய்து பார்த்தன. மூர்கள் மோந்து பார்த்து, தடவிப் பார்த்து, பாண்டிச்சேரித் துணிதான் வேண்டும் என்றார்கள்.

கையால் நெய்த துணியில் தொடங்கிய இந்த வியாபாரம் மெல்ல ஆலைக்கு மாறியது. 1820களின் கடைசியில், ரிஷ்மோன் ஆளுநராக இருந்த காலத்தையொட்டி, முதல் இயந்திர நூற்பாலை வந்தது. பின்னாளில் சவானா மில் என்றும் அதற்கும் பிறகு சுதேசி மில் என்றும் ஊரார் சொன்னது அதைத்தான். ஆனால் ஆங்கிலேய, பெல்ஜிய ஆலைகளின் மலிவுத் துணி செனகலுக்குள் வரத் தொடங்கியதும் தரம் மட்டும் காப்பாற்றவில்லை. 1877இல் செனகலில் வெளிநாட்டுக் கினி மீது பாகுபாடான சுங்கம் போட்டார்கள். புதுச்சேரித் துணி சட்டப்படி பிரெஞ்சுத் துணி என்பதால் சலுகை வரிசையில் நின்றது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பஞ்சு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வரும். வேலையாட்களில் பலர் கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வருவார்கள். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நூற்று நெய்தால் அது 'பிரெஞ்சு'. முதலாளிகளுக்கு இது புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. 1892இல் கெப்லே மில், 1898இல் ரோடியர் மில். இரண்டாவதன் கம்பெனிப் பெயரே ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ். இங்கிலீஷ் முதலும் பிரெஞ்சு முகவரியும் சேர்ந்த பெயர். இன்றைக்கு ஒரு ஆடிட்டர் 'எந்த மாநிலத்தில் யூனிட் போட்டால் லாபம்' என்று கணக்குப் போட்டுத் தருகிறாரே, அதே கணக்கு. எக்செல் மட்டும்தான் இல்லை.

சட்டம் செல்லாத இடம் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. பிரான்ஸில் 1936 ஜூனில் வாரம் 40 மணி நேர வேலை சட்டமானது. அடுத்த மாதமே, ஜூலை 30 அன்று, 8 மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் கொடியின் கீழ் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937 ஏப்ரலில் வந்த ஆணை 8 மணி நேர வேலையை ஏற்றது. ஆசியாவிலேயே முதல் என்று மேடைகளில் சொல்வார்கள். அந்தப் போட்டிக்கு நான் வரவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு: துணிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை 1877இலேயே கிடைத்துவிட்டது, அதை நெய்தவனுக்கு அறுபது வருஷம் ஆனது, அதுவும் சுட்ட பிறகு. முதலீட்டுச் சலுகை பற்றிய அறிக்கைகளில் 'தொழிலாளர் செலவு குறைவு' என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு இப்படியும் ஒரு தேதி உண்டு.

பிறகு போர் வந்தது. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க ஒன்றியம் ஆயின. கோடு கொஞ்ச காலம் தூங்கியது. சுதந்திர இந்தியா 1949இல் அந்த ஒன்றியத்தை முறித்துக்கொண்டு சுற்றிலும் சுங்க வளையம் போட்டதும் கோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது. இந்தியாவில் அப்போது இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புதுச்சேரியிலோ துறைமுகம் திறந்தே கிடந்தது. தங்கம், வைரம், கைக்கடிகாரம் எல்லாம் கப்பலில் சட்டப்படி இறங்கி, சட்டப்படி இல்லாமல் வயல் வரப்பில் நடந்து இந்தியாவுக்குள் போயின. ஊரில் காசு புழங்கியது உண்மை. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் அந்தக் காசில் ஒரு பெரிய ஆலை எழும்பியதா என்றால், இல்லை. வரி வித்தியாசத்தில் மட்டும் வருகிற பணம் கூடாரத்தில் தங்குகிற பணம். அஸ்திவாரம் தோண்டாது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 170க்கு 8 என்று வாக்களித்து, நவம்பர் 1 முதல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1963 ஏப்ரலில் வருமான வரிச் சட்டம் நீட்டிக்கப்பட்டது.

விற்பனை வரி வந்த கதை ஒரு காமெடி. 1965இல் புதுச்சேரிச் சட்டமன்றம் தனக்கென்று ஒரு சட்டம் எழுதச் சிரமப்படாமல், 'மெட்ராஸ் விற்பனை வரிச் சட்டம் இங்கேயும் பொருந்தும், இந்தச் சட்டம் அமலுக்கு வரும் நாளுக்கு முன்பு அங்கே எப்படி இருக்கிறதோ அப்படி' என்று நிறைவேற்றிவிட்டது. அமலுக்கு வந்தது 1966 ஏப்ரலில். நடுவில் மெட்ராஸ் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. அதாவது மெட்ராஸ் என்ன எழுதப்போகிறது என்று தெரியாமலே புதுச்சேரி கையெழுத்துப் போட்டிருந்தது. ஷாமா ராவ் என்ற வணிகர் தொடுத்த வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம், மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், இது சட்டமியற்றும் வேலையைத் துறப்பது என்று சொல்லி அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. சட்டக்கல்லூரியில் இந்த வழக்கைப் படித்தவர்கள் பலருக்கு அது புதுச்சேரியின் வரி வரலாறு என்பது நினைவிருக்காது. அதே வருஷம் ஊர் தன் சொந்தச் சட்டத்தை எழுதிக்கொண்டது. சொந்தச் சட்டம் இருந்தால்தானே சொந்த விலக்கு கொடுக்க முடியும்?

பழைய துறைமுக வாசனை அதற்குப் பிறகும் விடவில்லை. 1972இல், பாண்டிச்சேரி, மாஹே வட்டார வணிகர்கள் சிலருக்கு இறக்குமதி லைசென்ஸ் தரச் சொல்லி 21 எம்.பி.க்கள் கையெழுத்திட்டதாக ஒரு மனு டெல்லிக்குப் போனது. 1974இல் விசாரித்தபோது பெரும்பாலான கையெழுத்துகள் போலி என்று தெரிந்து, நாடாளுமன்றம் வாரக்கணக்கில் கொதித்தது. துல்மோகன் ராம் என்ற எம்.பி. மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை போட்டது.

அதே 1974இல்தான் தொழில் வளர்ச்சிக்கென்று பிப்டிக் கழகம் தொடங்கப்பட்டது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை என்று தொழிற்பேட்டைகள் பெருகின. புதிய யூனிட்டுகளுக்கு விற்பனை வரியில் விலக்கு. வெளிமாநிலத்துக்கு விற்றால் 4 சதவீத மத்திய விற்பனை வரி என்பது பொது விதி. ஆனால் அதை வசூலித்து வைத்துக்கொள்வது பொருள் கிளம்பும் மாநிலம். குறைக்கும் அதிகாரமும் அதற்கு இருந்தது. உள்ளூரில் வாங்க ஆளில்லாத சின்ன ஊருக்கு இது வரப்பிரசாதம். இங்கே செய்து சென்னையிலும் பெங்களூரிலும் விற்றுக்கொள்ளலாம்.

1993இல் டெல்லியும் கை கொடுத்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை என்றால் மொழிகள் என்று நமக்குத் தெரியும். வருமான வரிச் சட்டத்திலும் ஓர் எட்டாவது அட்டவணை உண்டு: தொழிலில் பின்தங்கிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள். நாகாலாந்து, லட்சத்தீவு, அந்தமான் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் புதுச்சேரியும் இருந்தது. புது ஆலையின் லாபத்துக்கு முதல் ஐந்து வருஷம் முழு விலக்கு, அடுத்த ஐந்து வருஷம் கம்பெனிகளுக்கு 30 சதவீத விலக்கு. சென்னையிலிருந்து மூணு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய 'பின்தங்கிய' பகுதி! எச்.சி.எல்., விப்ரோ, ஏசர் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் இங்கே பெட்டி கோத்தன. வேர்ல்பூல் வாஷிங் மெஷின் திருபுவனையிலிருந்து போனது. தொண்ணூறுகளில் வாங்கிய கம்ப்யூட்டரின் முதுகில் பாண்டிச்சேரி முகவரியைப் பார்த்தவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள்.

எல்லா மாநிலமும் இதே ஆட்டத்தை ஆடியதால் எல்லாருடைய கஜானாவும் காலியாகத் தொடங்கியது. 1999 நவம்பரில் முதலமைச்சர்கள் டெல்லியில் கூடி, 2000 ஜனவரி 1 முதல் விற்பனை வரிக்குக் கீழ்வரம்பு வைப்பது, வரிச்சலுகையைக் காட்டி ஆலை இழுப்பதை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். 2003இல் இமாச்சலுக்கும் உத்தராகண்டுக்கும் மத்திய அரசு பெரிய தொகுப்பு ஒன்றை அறிவித்தது: பத்து வருஷம் கலால் விலக்கு, கூடவே வருமான வரி விலக்கு. அந்தப் பட்டியலில் புதுச்சேரி இல்லை. எச்.சி.எல். ருத்ரபூரிலும் விப்ரோ கோட்துவாரிலும் ஆலை போட்டன. இமாச்சலின் பத்தி மருந்து நகரமானது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. சலுகைக்காக வந்தவர் அதைவிடப் பெரிய சலுகைக்காகப் போவார். மாப்பிள்ளையை வரதட்சணை காட்டிப் பிடித்தால் இந்தப் பயம் எப்போதும் இருக்கும்தானே?

ஆனால் வந்தது எல்லாம் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டைகளில் இன்றும் ஷிஃப்ட் சங்கு ஊதுகிறது. வேலை கற்றுக்கொண்ட கைகள், பக்கத்தில் முளைத்த உதிரிபாகப் பட்டறைகள், ஒரு டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னைக்கு ஓடாமல் இருந்தவர்கள். வரிக்கணக்கில் வராத இந்த வரவை யாராவது உட்கார்ந்து எண்ணினால்தான் சலுகை லாபமா நஷ்டமா என்று பேச முடியும். எத்தனை கோடி முதலீடு வரும் என்று முன்கூட்டி அறிவிக்கும் அரசுகள், எத்தனை கோடி வரியை விட்டோம், அதற்கு என்ன வந்தது என்று பின்னால் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

பழைய மில்கள் சலுகை இல்லாமல் தாக்குப்பிடிக்கவில்லை. ஏ.எஃப்.டி. என்று ஊர் சொன்ன ஆங்கிலோ பிரெஞ்ச் மில்லை 1986இல் அரசே எடுத்து நடத்தியது. 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயல் கூரையைப் பிய்த்தது. 2020 ஏப்ரல் 30 அன்று அதிகாரபூர்வமாக மூடல்.

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் ஆட்டத்தின் விதியே தலைகீழ். முன்பு பொருள் கிளம்பும் மாநிலத்துக்கு வரி. இப்போது பொருள் போய்ச்சேரும் மாநிலத்துக்கு. திருபுவனையில் செய்து திருச்சியில் விற்றால் மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கு. தன் கைக்கு வராத வரியைப் புதுச்சேரி யாருக்கு விட்டுக்கொடுக்கும்? 2016 தொழில் கொள்கை முதலீட்டு மானியம், வட்டி மானியம் என்று போனது அதனால்கூட நல்லதுதான். மானியம் பட்ஜெட்டில் செலவாகத் தெரியும், வாங்காத வரி எந்தப் பக்கத்திலும் தெரியாது.

ஜி.எஸ்.டி.க்கு வெளியே மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மது. இன்று புதுச்சேரியின் வரிச்சலுகை முதலீட்டாளருக்கு அல்ல, வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவருக்கு. 2020 மே மாதம், கொரோனா அடைப்பு தளர்ந்து கடைகள் திறந்தபோது, தமிழ்நாட்டுக் கூட்டம் உள்ளே வராமல் இருக்க, இரண்டு பக்கமும் விற்கும் மதுவகைகளுக்குச் சிறப்பு வரி போட்டு அங்குள்ள விலையையே இங்கும் வைத்தார்கள். கோட்டின் இரு பக்கமும் ஒரே விலை. சுமார் ஒரு வருஷம் அப்படி இருந்தது. 2021 ஏப்ரலில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.