தோள் நரம்புக் காயம்: பிரசவ அறையிலும் நெடுஞ்சாலையிலும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் இணைக்கிறது. மில்லுக்கு ஷிப்ட் போகிறவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், பால்கோவாக் கடைக்குப் பால் கேன் ஏற்றிவருகிறவர் என்று இந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் பைக்கை நம்பித்தான் பிழைக்கிறார்கள். வண்டி சரிந்து தோள் தரையில் மோதும்போது தலை ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமுமாக இழுபடுகின்றன. ஹெல்மெட் உயிரைக் காக்கும். அதைப் போடாமல் வண்டியை எடுக்கவே கூடாது. ஆனால் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே ஓடும் நரம்புப் பின்னல் அதன் காவலுக்குள் வராது.

அதே இழுப்பு பிரசவ அறையிலும் நேர்கிறது. குழந்தையின் தலை வெளியே வந்து தோள் உள்ளே மாட்டிக்கொள்ளும்போது, பின்னல் இழுபட்டு நைந்துபோகலாம். தாய்க்குச் சர்க்கரை இருந்து குழந்தை பெரிதாக வளர்ந்திருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது. உலக அளவில் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இது நேர்வதாகக் கணக்கு.

பிராக்கியல் பிளெக்சஸ் எனப்படும் இந்தப் பின்னல், கழுத்தின் ஐந்தாவது முதல் எட்டாவது வரையிலான நரம்பு வேர்களும் மார்பின் முதல் வேரும் சேர்ந்து உண்டானது. தோளைத் தூக்குவது, முழங்கையை மடக்குவது, விரலால் பற்றுவது எல்லாமே இதன் வழியாகத்தான். மேல் வேர்கள் கெட்டால் தோள் எழும்பாது, முழங்கை மடங்காது. ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் 1874இல் விவரித்ததால் இந்த வகைக்கு அவர் பெயர் நிலைத்தது. விபத்தில் அடிபட்ட இளைஞனும் எர்ப் வாதத்தோடு பிறந்த சிசுவும் அருகருகே படுத்திருந்தால், இரண்டு கைகளும் ஒன்றுபோல்தான் துவண்டு கிடக்கும்.

வலி என்று வரும்போது இருவரும் வேறாகிவிடுகிறார்கள்.

இளைஞனுக்கு வலி அன்றைக்கே தொடங்கலாம். சில வாரம் கழித்தும் வரலாம். தண்டுவடத்திலிருந்து வேரே பிடுங்கப்பட்டிருந்தால் வலி வராமல் தப்புகிறவர்கள் குறைவு. அந்த வலி இரண்டு விதம். ஒன்று, விடாமல் இருக்கும் எரிச்சல். உள்ளங்கையைக் கிடுக்கியில் வைத்து நசுக்குவதுபோல இருக்கும். மற்றது, "கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்குது" என்று சொல்வார்களே, அது. சில நொடிகள்தான் நீடிக்கும், ஆனால் பேச்சு பாதியில் நின்றுவிடும். நாளில் பலமுறை வரும். கிள்ளினாலும் சுட்டாலும் தெரியாத கையில்தான் இத்தனையும் நடக்கிறது. வீட்டார் கையைத் தொட்டுப் பார்த்து, "உணர்ச்சியே இல்லையே, அப்புறம் எப்படிய்யா வலிக்கும்?" என்று கேட்பது அதனால்தான். கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. வலி கையில் பிறக்கவில்லை. வேரை இழந்த தண்டுவடச் செல்கள் செய்தி வராமலே தாமாகத் துடிக்கின்றன. அதை மூளை கையின் வலியாக உணர்கிறது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை மூலம் மீட்டுத் தந்த பால் பிராண்ட், வலி இல்லாத கை எவ்வளவு எளிதில் சிதைந்துபோகும் என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். வேர் பிடுங்கப்பட்டவரின் கையில் அந்த ஆபத்தும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. சூடான சைலன்சரில் பட்டால் அந்தக் கைக்குத் தெரியாது. சும்மா தொங்கும்போது நெருப்பாக எரியும்.

சிசுவுக்கு இந்த நரம்பு வலி பெரும்பாலும் வருவதில்லை. பிரவீண் ஆனந்தும் ரோல்ஃப் பிர்ச்சும் பிறப்பில் கடுமையாகக் காயம்பட்டவர்களை வளர்ந்த பின் சோதித்து, 2002இல் ‘பிரெயின்’ இதழில் எழுதினார்கள். உணர்ச்சி வியக்கத்தக்க அளவு திரும்பியிருந்தது. பெரியவர்களை வாட்டும் நீடித்த வலி அவர்களிடம் இல்லை. வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பு மண்டலம் தன் இணைப்புகளை மாற்றி அமைத்துக்கொள்வதே காரணம் என்று கருதப்படுகிறது. சில குழந்தைகள் உணர்ச்சி குறைந்த விரலைக் கடித்துக்கொள்வதுண்டு. அதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பெரிய பிள்ளையான பிறகு தோள் மூட்டு வலிக்கலாம். அது மூட்டின் வலி, மருந்தும் வேறு.

ஆகவே கவனிப்பும் இருவருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கை தானாகவே மீள்கிறது. அதுவரை மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வதே தாயின் வேலை: முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, முன்கையை மெல்ல வெளிப்புறமாகத் திருப்பும் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும், வீட்டிலேயே செய்யலாம். மூன்று மாதம் ஆகியும் முழங்கையை மடக்கவில்லை என்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் காட்டிவிட வேண்டும். குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது தடவலாகவே இருந்தால் கெடுதலில்லை. கையைப் பிடித்து இழுத்து உருவுவதுதான் ஆகாது.

இளைஞனின் கதையில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். முதல் மாதங்கள் தைலத்திலும் கட்டிலும் போய்விடுகின்றன. நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். தோளிலிருந்து விரலுக்குப் போக ஆண்டுகள் ஆகும். நரம்பு வந்து சேராத தசை ஒன்று, ஒன்றரை ஆண்டில் உயிர்ப்பை இழந்துவிடுகிறது. அதனால் அறுவை தேவைப்படுகிறவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்வது நல்லது. உல்நார் நரம்பின் ஓர் இழையைப் பிரித்து முழங்கையை மடக்கும் தசைக்குக் கொடுக்கும் முறையை 1994இல் பிரான்ஸின் ஓபர்லின் வெளியிட்டார். நம் பக்கத்தில் இத்தகைய அறுவைக்குக் கோவை கங்கா மருத்துவமனை இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆனால், "ஆபரேஷன் ஆகிக் கை வந்துட்டா வலி தன்னால போயிரும், தம்பி" என்று சொல்லி அனுப்புவதை நான் ஏற்கவில்லை. தசைக்கு நரம்பு திரும்பும்போது பலருக்கு வலி குறைவது உண்மை. அதற்கே ஓராண்டு பிடிக்கும். சிலருக்குக் கை வந்தும் வலி நீடிக்கிறது. அதுவரை தூக்கமில்லாத இரவுகளை யார் ஈடு செய்வது? வலிக்கு முதல் வாரத்திலேயே தனியாக மருத்துவம் தொடங்க வேண்டும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் இந்த வலிக்கு உதவாது. நாட்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். நரம்பு வலிக்கான மாத்திரைகளே வேறு: காபாபென்டின், பிரீகாபாலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின். மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். இரண்டு நாளில் கேட்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது; கேட்ட பிறகும் திடீரென நிறுத்தக் கூடாது. இவற்றில் பல தூக்கக் கலக்கம் தருபவை. மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறவரும் பால்கோவா அடுப்பில் நிற்கிறவரும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எதற்கும் அடங்காத வலிக்கு, தண்டுவடத்தில் வேர் நுழையும் இடத்தையே சுட்டு அடக்கும் அறுவை உண்டு. அமெரிக்காவின் பிளெய்ன் நாஷோல்ட் 1970களில் உருவாக்கியது. காலில் பலவீனம் வரும் அபாயம் இருப்பதால் அது கடைசிப் படி.

மாத்திரைக்கு வெளியே ஒரு மருந்து இருக்கிறது; இரண்டு ஊரும் அதைத் தர முடியும். இத்தகைய நோயாளிகள் பலரைக் கவனித்த பிரிட்டிஷ் மருத்துவர் வின் பாரி, மனம் ஒன்றிச் செய்யும் வேலையில் இருக்கும்போது வலி பின்வாங்குவதாக அவர்களே சொன்னதைப் பதிவு செய்தார். சும்மா திண்ணையில் உட்காரும்போதுதான் அது பெரிதாகிறது. ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை ஒட்ட இரண்டு கை வேண்டும். பால் சுண்டும்போது விடாமல் துடுப்புப் போடவும் தோளில் வலு வேண்டும். அந்த வேலைகளுக்குத் திரும்ப முடியாதவரைக் கணக்கு, தரச் சோதனை, பேக்கிங் மேற்பார்வை என்று ஒரு கையால் ஆகும் இடத்தில் அமர்த்தலாம். முதலாளி செய்யும் இந்த ஏற்பாடு தருமம் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே. தோள் மூட்டு கீழே இறங்கினால் அதுவே தனி வலி, எனவே கையைத் தாங்கும் தூளி வேண்டும். தினமும் மறு கையால் எல்லா மூட்டையும் அசைக்க வேண்டும். குளிர் நாளில் கையைக் கதகதப்பாக மூடி வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம் கூடாது, வெந்துபோனாலும் தெரியாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குழந்தையின் கையைப் பார்த்தால் மூன்று மாதக் கணக்கை மறக்காதீர்கள். விபத்தில் கை துவண்டவரைப் பார்த்தால், "கை எப்படி இருக்கு?" என்பதோடு "ராத்திரி தூங்குனீங்களா அண்ணே?" என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்த வாரமே நரம்பு வலி பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.