எல்லவின் ரொட்டியும் குன்னூரின் எலிகளும்

எல்ல புகையிரத நிலையத்தில் இறங்கும் உல்லாசப் பயணிகள் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைத் தேடி நடப்பார்கள். பத்திரிகைப் பணியில் இருந்த நாட்களில் நான் அந்தப் பாதையை விட்டு விலகி, தேயிலை மலைக்குள் இருந்த லயமொன்றுக்குச் சென்றேன். அங்கே ஒரு தாய் தன் பிள்ளையின் வளர்ச்சி அட்டையைக் காட்டினார். கோடு மாதக்கணக்கில் மேலேறாமல் படுத்துக் கிடந்தது.

"நல்ல சாப்பாடு குடுங்கன்னு சொன்னாங்க ஐயா. எது நல்ல சாப்பாடுன்னு சொல்லல" என்றார். அடுப்பில் கோதுமை மா ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

எது நல்ல சாப்பாடு என்பதை ஆராய்ந்த படிப்பும் நம்மவர் அண்டை மலையொன்றில்தான் வளர்ந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். 1918இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ரொபர்ட் மக்கரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். சீக்கியரின் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. சென்னை மாகாணத்துச் சோறு உண்டவை கடைசி வரிசையில் நின்றன. அதே சோற்றை உண்டு பழகிய சேலம், திருச்சி மாவட்டத்து மக்கள் அக்காலத்தில் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

1935இல் அந்த ஆய்வுகூடத்தின் பொறுப்பை ஏற்ற எய்க்ராய்ட், புழுங்கலரிசியின் அருமையை வலியுறுத்தினார். நெல்லை அவிக்கும்போது உமியோரத்து உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முற்றாகப் போவதில்லை. நம் பாட்டிமாருக்குக் காரணம் தெரியாது, கைப்பழக்கம் தெரியும். எய்க்ராய்ட் பின்னர் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் முதலாவது போசணைப் பணிப்பாளரானார். கொழும்பில் பாக்டீரியா ஆய்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கிய லூசியஸ் நிக்கல்ஸ் 1938இல் வெப்பமண்டலப் போசணை, உணவுமுறை குறித்து எழுதிய நூல், 1961இல் நான்காம் பதிப்பைக் கண்டது. சேலத்தில் 1918இல் பிறந்த சி. கோபாலன் குன்னூரிலிருந்து ஐதராபாத் வரை அந்த நிறுவனத்தோடு வளர்ந்து, இந்தியப் போசணை ஆய்வின் தலைமகனாகி, 2019இல் நூறு வயது கடந்து மறைந்தார்.

சேலத்திலிருந்து கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை திறந்திருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். ஆய்வுக்குரியவர்களாக இருந்தார்கள், ஆய்வாளர்களாக வர வழியில்லை.

ரொட்டியும் தோட்டத்தின் ஆதி உணவல்ல. முன்பு தோட்டத்தில் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடிப்பார்கள். 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது பங்கீட்டு முறை வந்தது. கோதுமை மா அடுப்பில் நிலைகொண்டது. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை.

இன்று இலங்கையில் இந்தப் படிப்பு பல்கலைக்கழகப் படிப்புத்தான். வயம்ப பல்கலைக்கழகத்தின் மாகந்துர வளாகத்தில் பிரயோக போசணைத் துறை இருக்கிறது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் வழங்குகிறது. தேயிலைக்குப் பட்டம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. லயத்து அடுப்படியில் வளர்ந்த ஒரு பிள்ளை உணவுமுறை விரிவுரையாளராகி, தோட்டத் தமிழிலேயே அந்தத் தாய்க்கு விடை சொல்வதைக் காணத்தான் எனக்கு ஆசை. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7.

அன்று நானும் விடை சொல்லவில்லை. ரொட்டியோடு பருப்புக் கறி சேர்ப்பதுண்டா என்று மட்டும் கேட்டேன்.

"சம்பளம் போட்ட வாரத்துல" என்றார்.