கீழாநெல்லி லான்செட்டுக்குப் போன கதை

காமாலைக்குக் கீழாநெல்லி. தமிழ்நாட்டில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செடியை வேரோடு பிடுங்கி, அரைச்சு, மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடின்னு எந்த ஊர்ப் பாட்டியும் சொல்லுவாங்க. இந்த வைத்தியம் ஒருமுறை உலகின் முன்னணி மருத்துவ இதழ் வரைக்கும் போனது. அந்தக் கதையைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் சேர்த்து இங்கே குறித்து வைக்கிறேன்.

1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன். உடன் எழுதியவர்களில் ஒருவர் பாரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்தவர், 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர். லேசுப்பட்ட ஆள் இல்லை!

அவர்கள் சோதித்தது கண் மஞ்சளாகி வந்தவர்களை அல்ல, ரத்தத்தில் பி வைரஸை நெடுநாளாகச் சுமப்பவர்களை. ஒரு பிரிவுக்கு 30 நாள் கீழாநெல்லி, இன்னொரு பிரிவுக்கு வெற்று மருந்து. பிறகு ரத்தத்தைப் பார்த்தால், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! ஆனாலும் இது முதற்கட்ட ஆய்வுதான் என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

நம்மாட்கள் கதையை நிறுத்துவது இங்கேதான். 1990-ல் தாய்லாந்து மருத்துவர்கள் அதே செடியைச் சோதித்து, அதே லான்செட்டில் எழுதினார்கள்: வைரஸ் போகவில்லை. 2011-ல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை அலசியது. வெற்று மருந்தைவிட இது மேல் என்று நம்பும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்போ பாட்டி சொன்னது பொய்யா? இல்லைங்க, குடிச்சவங்க குணமானது நிஜம். ஆனால் தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். குடித்தாலும் சரியாகும், குடிக்காவிட்டாலும் சரியாகும். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதைப் பிரித்துப் பார்க்கத்தான் அந்த வெற்று மருந்துப் பிரிவு.

காமாலை என்பது ஒரே நோயின் பெயரல்ல, பல நோய்களின் அறிகுறி. பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், கட்டி வந்தாலும் மஞ்சளாகும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. இவர்கள் ஒரு மாதம் மோரில் கலக்கிக் குடித்துக் காத்திருந்தால், போன நாள் திரும்ப வராது. பி வைரஸோ பல வருடம் சத்தமே காட்டாமல் இருந்துவிட்டுக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். அதற்கு இன்று தடுப்பூசி இருக்கிறது, கட்டுப்படுத்த மாத்திரையும் இருக்கிறது.

கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்தக் காமாலை என்று தெரிந்த பிறகு பாட்டியிடம் பேசிக்கொள்ளலாம்.