பிறவியில் இல்லாத சிரையா, பின்னர் அடைந்த சிரையா?

முழங்கைக் குழியின் தோலடிச் சிரைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வழியில் நடக்கின்றன. புயத்தில் பட்டை கட்டி இறுக்குவார்கள். புடைத்துத் தெரியும் சிரைகளை எம், என் என்று வடிவம் பிரித்து அட்டவணையிடுவார்கள். முன்கையில் கெஃபாலிக் சிரை தென்படாவிட்டால் அது 'பிறவி வேறுபாடு' என்ற பத்தியில் போய்ச் சேரும். இந்தப் பத்தியை அப்படியே ஏற்பதற்கில்லை. சேலம், நாமக்கல் சமவெளியிலாவது, பிறந்தபோது நன்றாக இருந்து பின்னர் அடைந்துபோன சிரைகளும் இதில் கலந்திருக்கின்றன என்றே கருதுகிறேன்.

கெஃபாலிக் சிரை புறங்கையில் தொடங்கிக் கட்டைவிரல் பக்கமாக ஏறுகிறது. மணிக்கட்டுக்கு மேலே ஆர எலும்பின் மீது நேராக, அதிகம் நழுவாமல் படிந்திருக்கிறது. வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் குழாய் ஊசி) குத்த வருபவரின் கை முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். பேசிலிக் சிரையோ சுண்டுவிரல் பக்கமாகச் சற்றுப் பின்வாங்கி ஏறி, புயத்தின் நடுவில் ஆழ்திசு உறையைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. ஆகவே இரண்டும் ஊசிக்கு ஒரே அளவில் ஆட்படுவதில்லை. ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் காய்ச்சல் என்றாலும் அசதி என்றாலும் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வது சாதாரணம். அந்த ஊசியால் உட்சுவர் புண்பட்ட சிரையில் குருதி உறைந்து, நாளடைவில் அது நாராகிவிடலாம். பிறகு செவிலியர் 'நரம்பே கிடைக்கல' என்பார்.

பிறவிக் குறையையும் பின்னர் வந்த அடைப்பையும் பிரித்தறியத் தோலை விலக்கிப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே சிறுத்த சிரை நெடுகிலும் மெலிந்திருக்கும். சுவர் மெல்லியது, உள்துளை இருக்கும். அடைந்த சிரை மணிக்கட்டில் திறந்திருந்து, நடுவில் கொழுப்போடு ஒட்டிய வெண்ணிற நாராகி, கிளைச்சிரை வந்து சேரும் இடத்தில் மறுபடி திறக்கும். இருபுறமும் துளையுள்ள ஒரு சிரையின் நடுவே கிடக்கும் நாரைப் பிறவிக் குறை என்று சொல்வது கடினம். பட்டை கட்டிப் பார்க்கும் கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான்.

கருவில் பேசிலிக்குக்குப் பின்னரே கெஃபாலிக் உருவாகிறது, அதனால் அதில் வேறுபாடு மிகுதி என்பார்கள். உண்மைதான், ஆனால் அது அறவே இல்லாத சிரைக்குத்தான் விளக்கமாகும், நடுவில் கிடக்கும் நாருக்கு ஆகாது. முதுமை என்ற பதிலும் செல்லாது. வயது சிரைச் சுவரைத் தடிக்கச் செய்யும். ஒரு விரற்கடை நீளத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அடைக்காது.

இது பெயரிடுவதில் உள்ள தகராறு அல்ல. 1966இல் பிரெஷியா, சிமினோ குழுவினர் விவரித்த டயாலிசிஸ் ஃபிஸ்டுலா, மணிக்கட்டில் ஆரத் தமனியை இதே கெஃபாலிக் சிரையோடு இணைப்பது. அதற்குச் சிரை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். பிறவிக் குறை என்றால் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. ஊசியால் வந்த அடைப்பு என்றால் தடுத்திருக்கலாம்.

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் உடற்கூறு மேசையில் இச்சிரையை மணிக்கட்டிலிருந்து தோள் பள்ளம் வரை திறந்து பார்த்து, 'இல்லை', 'சிறுத்தது', 'அடைந்தது' என மூன்றாகப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஊசி போடுவோர் புறங்கையைப் பயன்படுத்தி முன்கையை விட்டுவைக்கட்டும்.