சுடும் விளையாட்டுகளில் பார்வை நிலை

சுடும் விளையாட்டுகளில் பார்வை நிலை என்பது, விரைவாக நகரும் கணினி அல்லது கைப்பேசிச் சுடு விளையாட்டை ஆடுபவர் திரையில் எந்த இடத்தில் கண்ணை நிறுத்துகிறார், எப்போது அங்கிருந்து எடுக்கிறார் என்பதைக் குறிக்கும். டூம் (1993), குவேக் (1996), கவுண்டர் ஸ்டிரைக் (1999), பப்ஜி (2017), வேலரண்ட் (2020) ஆகியவை இவ்வகை விளையாட்டுகளில் பெயர்பெற்றவை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலும் அதைச் சுற்றிய பழைய தோட்டப்புற ஊர்களிலும், இளைஞர்கள் ‘சிசி’ என்று அழைக்கும் இணைய மையங்கள் வழியாக இவை பரவின.

திரையின் நடுவில் நிற்கும் சிலுவைக் குறியை ஆடுபவர்கள் ‘கிராஸ்ஹேர்’ என்பார்கள். புதிதாக ஆட வருபவர் அதையே பார்ப்பதா, எதிரியைப் பார்ப்பதா, திரை முழுவதையும் மேய்வதா என்று தடுமாறுவது வழக்கம். எதிரி தோன்றப்போகும் இடத்தைப் பார்ப்பதே சரி. கிராஸ்ஹேரை முன்கூட்டியே அந்த இடத்தில், தலை உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் மூன்று கேள்விகளும் ஒன்றாகிவிடும்.

கண்ணின் எல்லை

விழித்திரையின் நடுவில் உள்ள சிறு குழிக்குத்தான் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் போதிய கூர்மை உண்டு. பார்வைக் கோணத்தில் அது ஏறக்குறைய 2 பாகை. 24 அங்குலத் திரை 53 செ.மீ. அகலம் கொண்டது. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அது 47 பாகைக்கு மேல் விரிகிறது. அதற்குள் ஒரு நேரத்தில் கூர்மையாகத் தெரிவது 2 செ.மீ. அகலமுள்ள வட்டம் மட்டுமே. மற்ற இடம் எல்லாம் மங்கல்தான். மூளை நினைவிலிருந்து நிரப்பிக் கொள்வதால் அது நமக்குத் தெரிவதில்லை.

ஓரக் கண் அசைவை நன்றாக உணரும், ஆனால் அசைந்தது என்ன என்று சொல்லாது. அதுவும் பெட்டி, தூண், சன்னல் என்று பொருள்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஓரத்தில் நிற்கும் ஆளைப் பிரித்தறிவது மிகக் கடினம். எதிரி ஒருவர் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அசையாமல் நின்றால் நேரே கண்ணை வைத்தால்தான் பிடிபடுவார்.

கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழுக்கிச் செல்வதில்லை, தாவுகிறது. சாதாரணமாக நொடிக்கு 3 அல்லது 4 தாவல்கள். புதிதாக ஏதாவது தோன்றியபின் கண் அதை நோக்கிப் புறப்படவே சுமார் 200 மில்லிநொடி ஆகும். தாவும் நேரத்தில் வரும் காட்சியை மூளை அடக்கிவிடுவதால் அந்தக் கணம் பார்வையற்ற கணம். கவுண்டர் ஸ்டிரைக்கில் இடது மேல் மூலையில் இருக்கும் வரைபடம் நடுவிலிருந்து ஏறக்குறைய 20 பாகை தள்ளியிருக்கிறது. அங்கே போய், பார்த்து, திரும்பி வருவதற்குள் அரை நொடி அளவு கழிந்துவிடும். எதிரே ஒரு கதவு திறந்திருக்கும்போது அரை நொடி என்பது மிகப் பெரிய நேரம்.

பார்வை ஆய்வின் வரலாறு

படிக்கும்போது கண் வரிமேல் சீராக ஓடுவதாகத்தான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் சாவால் 1879 வாக்கில் எழுதிய கட்டுரைகள் அது விட்டுவிட்டுத் தாவுவதை உலகறியச் செய்தன. அமெரிக்கரான எட்மண்ட் ஹியூயி கண்மேல் ஒரு சிறு கிண்ணத்தைப் பொருத்தி, அதில் இணைத்த மெல்லிய அலுமினிய முள் கண்ணசைவைப் பதியும்படி செய்தார். கண்ணைத் தொடாமல், அதில் தெறிக்கும் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பிடிக்கும் முறையை ரேமண்ட் டாட்ஜ் 1901இல் கிளைனுடன் சேர்ந்து உருவாக்கினார். இன்றைய அகச்சிவப்புக் கருவிகள் வரை பின்பற்றுவது இதே கருத்தைத்தான்.

ஓவியத்தைப் பார்ப்பவர்களின் கண் எங்கே தங்குகிறது என்பதை கை பஸ்வெல் 1935இல் நூலாக்கினார். அடுத்த பெரிய அடி சோவியத் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் யார்பஸ் எடுத்து வைத்தது. ரஷ்ய ஓவியர் ரெப்பின் வரைந்த ஒரே ஓவியத்தை ஒருவரிடம் காட்டி, ஒருமுறை ‘இவர்களின் வயதைச் சொல்’ என்றும், இன்னொருமுறை ‘இவர்கள் எவ்வளவு வசதியானவர்கள்’ என்றும் கேட்டார். கேள்வி மாற மாறக் கண் போன தடமும் மாறியது. 1967இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூல் இத்துறைக்கே அடிப்படை ஆயிற்று. பார்வை, காட்சியில் என்ன இருக்கிறது என்பதைவிட, பார்ப்பவருக்கு என்ன வேலை இருக்கிறது என்பதையே பின்தொடர்கிறது. சுடும் விளையாட்டில் திறமையானவரும் புதியவரும் ஒரே திரையை வேறு வேறாகப் பார்ப்பதற்கு இதுவே விளக்கம்.

நமக்கு மிக அணுக்கமான சான்று கிரிக்கெட்டிலிருந்து வருகிறது. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மட்டையாளர்களின் தலையில் கருவி பொருத்திப் பந்துவீச்சு இயந்திரத்தை எதிர்கொள்ள வைத்தார்கள். பந்தைக் கடைசிவரை கண்ணால் துரத்தியவர் அவர்களில் யாருமில்லை. பந்து இயந்திரத்தை விட்டு வருவதைக் கவனித்துவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்னதாகவே தாவிக் காத்திருந்தது. மூவரில் திறமை மிகுந்தவரின் கண் மற்றவர்களுக்கு முன்பே புறப்பட்டது. ‘பந்தைப் பார்த்து ஆடு’ என்று நம் பயிற்சியாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். நல்ல ஆட்டக்காரரின் கண் செய்வது வேறு.

கணினி விளையாட்டுகளுக்குள் இந்தக் கருவி நுழைந்தது பிந்தியே. மேகி செய்ஃப் எல்-நாஸ்ரும் சூ யானும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, முதல்நபர்ச் சுடு விளையாட்டில் ஆடுபவர்களின் பார்வை பெரும்பாலும் திரை நடுவில், கிராஸ்ஹேரைச் சுற்றியே தங்குவதைக் காட்டியது. சாகச விளையாட்டுகளில் அதே கண் திரை முழுவதும் அலைந்தது. அதற்கு முன்பே 2003இல் ஷான் கிரீனும் டாஃப்னி பவேலியரும், சுடும் விளையாட்டு ஆடுபவர்களின் கவனம் ஓரங்களிலும் விரிந்து இயங்குவதைக் காட்டியிருந்தனர். ஆடிப் பழகாதவர்களை நாளுக்கு ஒரு மணி வீதம் 10 நாள் ஆட வைத்தபோதும் கவனம் மேம்பட்டது, டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு அந்த அளவு மேம்படவில்லை. பின்வந்த சிலர் இதில் குறை கண்டாலும், விளையாட்டு கண்ணுக்குப் பயிற்சி என்பதே பொருந்தும் முடிவு.

பார்வையின் வகைகள்

ஒரு மூலையைக் காவல்காப்பவரின் கண் நிலைப்பார்வை. சுவரின் விளிம்பிலிருந்து ஓர் ஆள் அகலம் தள்ளி, வெற்றிடத்தில் கண் நிற்க வேண்டும். விளிம்பையே பார்த்தால், எதிரி அதைக் கடந்து வந்துவிட்ட பிறகுதான் கை அசையும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே புள்ளியை அசையாமல் வெறித்தால் ஓரத்தில் உள்ளவை மெல்ல மறைந்துபோவதை சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804இலேயே கண்டறிந்தார். ஆகவே காவலில் இருப்பவர் கண்ணைச் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே இருப்பது நல்லது.

நடந்து செல்பவருக்கு வேண்டியது முன்பார்வை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் கண் முதலில் போகும், சுட்டி அதன்பின் வரும். எந்தப் பொருளை எடுக்கும்போதும் கை அசைவதற்கு முன் கண் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் இது உடலின் இயல்பான ஒழுங்கே. தொடர்பார்வை என்பது ஓடும் எதிரியைக் கண்ணால் பிடித்து வைத்திருப்பது. இங்கே கண் எதிரியின் மேல் இருக்க வேண்டும், கிராஸ்ஹேர் ஓரக் கண்ணில் தெரிந்தால் போதும். கிராஸ்ஹேரைப் பார்த்துக்கொண்டே எதிரியைத் துரத்துபவர் எப்போதும் ஒரு படி பிந்துவார்.

துப்பாக்கி சுடும் களத்தில் இதற்கு நேர் எதிராகக் கற்பிப்பார்கள். குழாய் நுனியில் உள்ள முன்குறியில் கண்ணைக் குவி, இலக்கு மங்கலாகத் தெரியட்டும் என்பார்கள். அது சரியான பாடமே. பக்கத்தில் இருக்கும் முன்குறியையும் தொலைவில் இருக்கும் இலக்கையும் கண்ணால் ஒரே நேரத்தில் தெளிவாகக் குவிக்க முடியாது. திரையில் இரண்டும் ஒரே கண்ணாடியின்மேல், ஒரே தூரத்தில் இருக்கின்றன. களத்துப் பாடத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுவருவது தவறு.

மூலைப்பார்வை, அதாவது வரைபடம், உயிரளவு, தோட்டா எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்ப்பது, பாதுகாப்பான கணத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். சுவருக்குப் பின்னால் தோட்டா மாற்றும் நேரமே அதற்கு உகந்தது.

பேராக்கில்

கோலாகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1877இல் ரப்பர்க் கன்றுகளை நட்டதிலிருந்து பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தான் பக்கமும் தமிழர் தலைமுறைகள் லயங்களில் வாழ்ந்து பால்மரம் வெட்டினர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் பால்வெட்டுக்காரருக்கு வெளிச்சம் விழும் சிறு வட்டத்தில்தான் எல்லாம் தெரியும். கத்தி நுனி பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் வளர்படலத்தில் காயம் படக்கூடாது. கண் அந்த வெட்டுக் கோட்டிலேயே இருக்கும், பாம்போ காட்டுப் பன்றியோ வந்தால் சொல்லும் வேலை வட்டத்துக்கு வெளியே உள்ள இருட்டுக்கும் காதுக்கும். நடுக்கண்ணும் ஓரக்கண்ணும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதும் பல குடும்பங்களைப் பட்டணத்துக்குத் தள்ளின. துண்டாடலைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார். ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளில் வளர்ந்த அடுத்த தலைமுறைக்குக் கணினி வீட்டில் இல்லை, சிசியில் இருந்தது. ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் அகன்றவரிசை இணையச் சேவை 2001இல் வந்தது. ஆனால் கவுண்டர் ஸ்டிரைக்குக்கு இணையம்கூடத் தேவைப்படவில்லை, கடைக்குள் கணினிகளைக் கம்பியால் இணைத்தால் போதும். மணிக்கு 2, 3 ரிங்கிட் கொடுத்துப் பத்துப் பேர் இரண்டு அணியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் காலத்துக் கண்ணாடித் திரைகளில் ஒரு கைவேலையைப் பார்க்கலாம். ஏ.டபிள்யூ.பி. என்னும் தொலைத்துப்பாக்கிக்கு, தொலைநோக்கியைத் திறக்காதவரை கிராஸ்ஹேர் கிடையாது. அதனால் ஆடுபவர்கள் திரையின் நட்டநடுவில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள், அல்லது கடுகளவு காகிதத்தை எச்சில் தொட்டு ஒட்டுவார்கள். துப்பாக்கியின் குறி எப்போதும் திரையின் மையமே என்பதைப் புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை அது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய பெரியவர்கள், பிள்ளைகள் ஒரு கருவியின் இயக்கத்தை இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்ததைக் கவனிக்கத் தவறினார்கள்.

2019ஆம் ஆண்டுக்கான மலேசிய வரவுசெலவுத் திட்டம் மின்விளையாட்டுக்கு 1 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. 2022 மே மாதம் ஹனோயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் கிராஸ்ஃபயர், பப்ஜி மொபைல் ஆகிய சுடு விளையாட்டுகளும் இடம்பெற்றன. இப்போது பெரும்பாலோர் கைப்பேசியில் ஆடுகின்றனர். அதில் திரை சிறிதென்பதால் கண் தாவும் தூரம் குறைவு, ஆனால் இரு கட்டைவிரல்களும் கீழ் மூலைகளை மறைத்துக்கொள்ளும்.

கண் நலம்

இயல்பாக நிமிடத்துக்கு 15 முறையளவு இமைக்கும் கண், திரையில் ஆழ்ந்தால் அதில் பாதிக்கும் குறைவாகவே இமைக்கிறது. குளிர்சாதன அறையில் எரிச்சல் விரைவில் வரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பார்ப்பது கண் மருத்துவர்கள் சொல்லும் எளிய வழி. சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடைவெளியில் இமையை முழுதாக மூடித் திறப்பதும், திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நாற்காலியைச் சரிசெய்வதும் உதவும். திரை மேலே இருந்தால் இமை அகலத் திறந்து கண்ணீர் சீக்கிரம் வற்றும்.