துவிச்சக்கரவண்டியும் நம் வீதிகளும்

ஆறில்லை, மலையுமில்லை, சுண்ணக்கற் பாறைமீது பரந்து கிடக்கும் சமநிலமே யாழ்ப்பாணக் குடாநாடு. இங்கே துவிச்சக்கரவண்டி மிதிப்போரை எதிர்த்து நிற்பது சோளகக் காற்று ஒன்றே. இந்நிலத்துக்கென்றே செய்யப்பட்டதோ என எண்ணத்தக்க அவ்வண்டி நம் வீதிகளிற் பெற்றிருந்த இடத்தையும், இன்று இழந்துவரும் இடத்தையும் சிறிது ஆராய்வோம்.

நேயர்களே, 1817 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான கார்ல் வொன் டிறைஸ் என்பார் இரு சில்லு வண்டியொன்றை மன்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதியில்லை, காலால் நிலத்தை உந்தியே செல்ல வேண்டும். 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி, பின்சில்லைச் சங்கிலி இழுக்கும் வண்டியை அமைத்தார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரின் கால்நடை வைத்தியர் டன்லப், காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். இன்றைய வண்டி பெரும்பாலும் அதுவே.

கடந்த நூற்றாண்டில் றலி, ஹம்பர் முதலிய ஆங்கில வண்டிகள் நம் ஒழுங்கைகளுக்கு வந்தன. அவற்றை அக்காலச் சட்டம் விளையாட்டுப் பொருளாகக் கருதவில்லை. உள்ளூராட்சி மன்றத்துக்கு ஆண்டுதோறும் வரி செலுத்தி இலக்கத் தகடு பெறவேண்டும். இரவில் விளக்கேற்ற வேண்டும். மோட்டார் வண்டியைப் போலவே இதுவும் ஒரு வாகனம். இதனைச் செலுத்துவோரும் சாரதியே. இவ்வுண்மையே நமது பேச்சின் மூலம்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்டன. மின்சாரம் நின்றது, மின்கலங்களும் கிடைத்தில. அப்போது ஆசிரியரும் வைத்தியரும், விறகு வியாபாரியும் மாணவியரும் துவிச்சக்கரவண்டியையே நம்பினர். வானொலிக்கும் உயிர் தந்தது அதுவே: வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னால் மக்கள் செய்தி கேட்டனர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, மூட்டையையும் முதியோரையும் சுமந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவையும் இவ்வண்டிகளே. அன்று வீதி அவர்களுடையதாயிருந்தது.

2009 இற்குப் பின் வீதிகள் அகன்றன. மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் பெருகின. கண்டி வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் இன்று நம் பிள்ளைகள் தார் விளிம்போடு ஒட்டி, அஞ்சி அஞ்சி மிதிக்கின்றனர். அவ்வச்சம் பாதுகாப்பன்று. விளிம்பில் செல்வோனைக் கண்ட சாரதி, இடமிருக்கிறதென எண்ணி உரசிக்கொண்டு முந்துவான். சில்லுத் தாரை விட்டிறங்கிச் சரளையிற் சறுக்கவும் கூடும்.

ஆகவே விளிம்பினின்றும் ஏறத்தாழ ஒரு முழம் விலகி, நேர்கோடாகச் செல்லல் வேண்டும். நிறுத்திய வாகனங்களின் கதவு திறக்குமளவு இடம்விட்டுக் கடத்தல் வேண்டும். வலப்புறம் திரும்புவோர், சந்திக்கு வெகுமுன்னரே பின்னே திரும்பிப் பார்த்து, கையைத் தெளிவாக நீட்டி, வழி கிடைத்தபின்னரே வீதியின் நடுப்பக்கம் சேர்தல் வேண்டும். சந்தியில் நிற்கும் பஸ்ஸினதும் லொறியினதும் இடப்பக்கத்து இடுக்கில் ஒருபோதும் நுழைதலாகாது. அவை இடப்புறம் திரும்பின் அங்கே தப்ப வழியில்லை. சுருங்கக் கூறின், தான் செய்யப்போவதைப் பிறர் முன்னரே அறியச் செய்பவனே துணிவுள்ள ஓட்டி. வேகம் துணிவன்று.

2022 இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது, கொழும்பும் துவிச்சக்கரவண்டியைத் தேடிற்று. நெருக்கடியிற் கைகொடுத்ததை நெருக்கடி நீங்கியதும் ஓரத்துக்குத் தள்ளுதல் முறையாகாது. மோட்டார்ச் சாரதிக்குப் பரீட்சையுண்டு. துவிச்சக்கரவண்டியில் வரும் பிள்ளைக்கோ ஒருவரும் கற்பிப்பதில்லை. பாடசாலை மைதானத்திற் சுண்ணாம்பாற் சந்தியொன்றைக் கீறி, கை காட்டவும் பின்னே பார்க்கவும் ஒரு பிற்பகல் பழக்கினால் அக்குறை தீரும். அதற்குச் செலவு ஒரு வாளிச் சுண்ணாம்பே.